மடுல்சீமையில் பரிசம்: மாப்பிள்ளை வீட்டாராகப் போன ஜெயிலர்

சிறைச்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான் உத்தியோகக் கவலை இல்லாமல் கிளம்பிய முதல் பயணம் இது. பரிசம் போடப் போனேன்! மாப்பிள்ளை யோகன், என் பொறுப்பிலிருந்த சிறைச்சாலை பேக்கரியில் பாண் சுடப் பழகியவர். இப்போது பசறையில் சொந்த பேக்கரி வைத்திருக்கிறார். தாய் தகப்பன் இல்லை. மாப்பிள்ளை பக்கம் நான்தான் தட்டு மாற்ற வேண்டும் என்று போன மாதம் கேட்டார். சந்தோஷத்தில் உடனே சரி என்றேன்.

ஞாயிறு காலை ஆறே காலுக்கு நானும் மனைவியும் பதுளையில் பஸ் ஏறினோம். பசறை பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு தெரியும். பசறையில் தோசை சாப்பிடும்போதுதான் மண்டையில் உறைத்தது: யோகன் உள்ளே இருந்த கதை பெண் வீட்டாருக்குத் தெரியுமா? சபையில் "மாப்பிள்ளைக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்காமல் விடுவார்களா? என் வாயால் ஒரு கல்யாணம் நின்றுபோனால்? யோகனுக்குப் போன் எடுத்தேன். அவர் முன்னாலேயே மலையேறிவிட்டார், சிக்னல் இல்லை. மனைவிக்கோ சிரிப்பு.

"இத்தனை வருஷம் ஆளுங்களக் காவல் காத்தீங்க. இன்னைக்கு வாயக் காத்துக்கங்க."

மடுல்சீமை பஸ் ஒன்றரை மணி நேரம் குலுக்கி எடுத்தது. கடைத்தெருவிலிருந்து பெண் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ, எண்ணூறு ரூபா. பாதையா அது! ஆட்டோக்காரர் ஊர், உத்தியோகம் எல்லாம் விசாரித்தார். நான் பேச்சை மழைக்கும் கொழுந்துக்கும் திருப்பியே கரையேறினேன்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் ஒட்டு வீட்டு வரிசை. அதன் வாசலில் தார்ப்பாய்ப் பந்தல், பாட்டு, பாயாச வாசனை. தட்டைக் கையில் எடுத்ததும் பெண்ணின் தாய்மாமன் அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார். பேக்கரியில் ஒன்றாக இருந்தோம் என்றேன். பொய்யில்லையே! யோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண்ணின் தாய் முன்னால் வந்தார்.

"ஜெயிலு பேக்கரின்னே சொல்லுங்கய்யா. தம்பி பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கே, வாசல்ல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அப்புறந்தான் வீட்டுக்குள்ள கால் வச்சாரு. ஒளிக்காத மனுசன்னுதான் பொண்ணு குடுக்குறோம்."

பந்தலே சிரித்தது. லயத்தில் ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்முவார்கள், அங்கே ரகசியம் காக்கப் போனேனே! நானும் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினேன். தாய்மாமன் தன் தட்டைத் தந்து மாற்றிக்கொண்டார். பிறகு வடை, பாயாசம், யோகன் சுட்ட கேக். மூன்று துண்டு சாப்பிட்டேன், மனைவி முறைத்தும் விடவில்லை.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டரும் குடையும் அவசியம். சில்லறை வைத்திருங்கள். பிற்பகலில் பஸ் குறைவு, மூன்று மணிக்கு முன் கீழே இறங்கிவிடுங்கள். சிறைத்துறை நண்பர்களுக்குத் தனியாக ஒன்று: இப்படி யாராவது கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள்.

சிறை வாசலில் விடுதலையாகிறவரை நாங்கள் "போயிட்டு வா" என்று அனுப்புவதில்லை. வீட்டில் அபசகுனமான வெறும் "போ"தான் அங்கே ஆசீர்வாதம். யோகனையும் அப்படித்தான் அனுப்பினேன், திரும்பிப் பாராமல் போனார். பரிசம் முடிந்து நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது அதே யோகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தை மாசம் கல்யாணம். போயிட்டு வாங்க சேர்."

"போயிட்டு வர்றேன்ப்பா" என்றேன்.