அம்மா முன்பே பார்த்த நாடகம்

அப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, இவற்றோடு டிஷ் டீவிக்கு மாதக் காசு கட்டிக்கொடுப்பதும் என் மேசையில்தான். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் யார் வீட்டில் எந்தப் பெக்கேஜ் ஓடுகிறது என்பது எனக்கு மனப்பாடம். ஊருக்கெல்லாம் படம் வரவைத்துக் கொடுத்த என் வீட்டில் ஒருநாள் டிஷ் நின்றுபோனது. மறதி ஒன்றுமில்லை. காசு ஏறிக்கொண்டே போனதால் நானேதான் நிறுத்தினேன்.

அம்மாவிடம் அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவேன். அதுவரை அம்மாவுக்குப் பேச்சுத்துணை அந்த டீவி ஒன்றுதான். அது பேசும், அம்மா திட்டுவார். ஆகவே "டிஷ்ஷுல ஏதோ கோளாறும்மா" என்று சொல்லி வைத்தேன்.

"கோளாறு டிஷ்ஷுலயா, ஒன் பர்ஸுலயா?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு என்னத்தை மறைப்பது! ஒப்புக்கொண்டேன். அம்மா காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய கவலை வேறு. தினமும் பார்த்துவந்த இந்தியச் சேனல் நாடகத்தில், சின்ன வயதில் தாயைப் பிரிந்த ஒரு பெண் எத்தனையோ மாதமாகத் தாயைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. அன்றைய பகுதி அதோடு முடிந்தது. மறுநாள் டிஷ் இல்லை.

"ஒரே ஒரு நாளைக்குப் போட்டு விடேன் புள்ள. அவ அம்மா கதவத் தொறந்தாளான்னு மட்டும் பாத்துக்குறேன்."

"ஒரு நாளைக்கெல்லாம் போட முடியாதும்மா. போட்டா ஒரு மாசத்துக்குத்தான்."

"ஒரு கதவு தொறக்க ஒரு மாசக் காசா?"

போனில் பார்க்கலாம் என்று நீட்டினேன். உள்ளங்கையில் படம் பார்க்கிற வயதா எனக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். லயத்துக்குள் போனுக்குச் சிக்னலும் சரியாக வராது என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனேன். அங்கே மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரை எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் பரணிலிருந்து மீன்முள் மாதிரி ஒரு அலுமினிய அன்டனாவை இறக்கித் தூசி தட்டினார்.

"நம்ம நாட்டுச் சேனல் எல்லாம் சும்மாதான் காத்துல வருது தங்கச்சி. ஆக்கள் அத மறந்துட்டாங்க. இத வாங்கினா முடிஞ்சி, மாசாமாசம் ஒண்டும் கட்டத் தேவையில்ல. நமுனுகுலை மலைப் பக்கம் பாத்துத் திருப்புங்க."

ஒரு சின்ன பூஸ்டரும், வீட்டுக்குள் இழுக்க வயரும் கொடுத்தார். அந்த மீன்முள்ளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இரண்டு பேர் கண்ணைக் குத்தப் பார்த்தது. இரண்டு பேரும் திட்டினார்கள், நியாயம்தான்.

அன்டனாவை நிறுத்த உதவிக்கு வந்தவள் பக்கத்து வீட்டுப் பெண். கொழுந்து பறிக்கிறவள், இருபத்திரண்டு வயதிருக்கும், அவளுடைய அத்தையோடு இருக்கிறாள். மூங்கில் கம்பில் அன்டனாவைக் கட்டி வீட்டுக்குப் பின்னால் நட்டோம். அவள் கம்பைப் பிடித்துத் திருப்ப, நான் வாசலில் நிற்க, அம்மா டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, முக்கால் மணி நேரம் லயமே அதிர்ந்தது.

"வந்துருச்சா பெரியம்மா?"

"வருது, வருது... போச்சு!"

"இப்ப?"

"மூஞ்சி தெரியுது, மூக்கு இல்ல!"

ஒருவழியாக மூக்கும் வந்தது. ஐந்தாறு சேனல்கள் பளிச்சென்று, மூன்று சேனல்கள் மழைக்குள் நனைந்தபடி. சென்னையில் எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கிறது என்பதை விரல்நுனியில் வைத்திருந்த அம்மாவுக்கு, பதுளை ரோட்டில் மரம் விழுந்து இரண்டு நாளாகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இங்கயும் நியூஸ் இருக்கா?" என்று ஆச்சரியப்பட்டார்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் மாலை ஆறரைக்கு வந்தது. தமிழ்ச் சேனலைப் போட்டால் அதே நாடகம்! அம்மா துள்ளி எழுந்தார். ஐந்து நிமிடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாடகம் அதேதான், ஆனால் ஆறேழு மாதம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இன்னும் தாயைத் தேடவே ஆரம்பிக்கவில்லை.

"நீ மாசக் காசு கட்டல, சரி. அதுக்காக எனக்குப் பழஞ்சோறா?" என்றார் அம்மா. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஆறரை மணிக்கு டீவிக்கு முன்னால் உட்காருவதை நிறுத்தவும் இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். அன்டனாவுக்குப் பாடுபட்டவள், அவளுக்கு இல்லாத உரிமையா? அப்புறம் லயத்தில் டிஷ் இல்லாத நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது அப்போதுதான். கதை முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே!

"இன்னைக்கு மாமியாக்காரி மயக்கம் போட்டு விழுவா, பாருங்க" என்பார். மாமியார் விழுவாள். "இந்தக் கண்ணாடிக்காரன நம்பாதீங்க" என்பார். அடுத்த வாரம் கண்ணாடிக்காரன் வீட்டுப் பத்திரத்தைத் திருடுவான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி தன் மகனுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்றுகூடக் கேட்டுவிட்டாள். அம்மா அதற்கும் ஒரு மாதம் சொன்னார். தனியாக உட்கார்ந்து டீவியைத் திட்டிக்கொண்டிருந்தவர் ஆறு மணிக்கே எல்லோருக்கும் பாய் விரித்து, இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன் டீ ஊற்றி வைத்தார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. டிஷ்ஷை நிறுத்திய என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாடகத்தில் அந்தப் பெண் தாயைத் தேடக் கிளம்பிய வாரத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் பேச்சைக் குறைத்துவிட்டாள். அவளுடைய அம்மா அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவர். கொஞ்ச காலம் காசு வந்தது, போன் வந்தது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. ஏஜென்சிக்காரனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது. லயத்தில் அதைப் பற்றி யாரும் அவள் முன்னால் பேசுவதில்லை.

ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"பெரியம்மா, கடைசியில அவ அம்மா கெடைப்பாங்களா? கதவத் தொறப்பாங்களா?"

அம்மாவுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான். ஆனால் அம்மா கண்ணை இமைக்காமல் சொன்னார்: "தொறப்பா. நான் பாத்தேன்ல."

அவள் போன பிறகு, "ஏம்மா பொய் சொன்னீங்க?" என்றேன். "அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற என்ன சொல்றது?" என்று டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கடையில் போனை எடுத்துத் தேடினேன். முழுப் பகுதியைப் பார்க்க அங்கேயும் காசு கேட்டார்கள். ஒரு நிமிடத் துண்டு மட்டும் சும்மா கிடைத்தது. தாய் கதவைத் திறக்கிறாள். மகளை மேலும் கீழும் பார்க்கிறாள். யாரென்று தெரியவில்லை. "வேலைக்கெல்லாம் ஆள் வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டே, "கதவு தொறக்குற அன்னைக்கு மட்டும் அன்டனாவத் திருப்பி விட்டுரு" என்றார். "மறுநாள் பாத்துக்கலாம்."

அந்த நாளும் வந்தது. மழைத் தூறல், மிஸ்ட் வாசல்வரை இறங்கியிருந்தது. பாயில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல்நாள் விட்ட இடத்திலிருந்து, நாடகத்துப் பெண் கதவைத் தட்டினாள். அம்மா இருமினார். அதுதான் ஏற்பாடு. நான் பின்பக்கம் போய்க் கம்பைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளே "ஐயையோ, போச்சு!" என்று ஒரே கூச்சல்.

நான் எதிர்பார்க்காதது, அவள் அத்தனை வேகமாக வெளியே ஓடி வருவாள் என்பதுதான். முக்காடுகூடப் போடாமல் மழைக்குள் வந்து நின்றாள். என் கை கம்பில் இருந்தது.

"அக்கா, நீங்களா திருப்புனீங்க?"

அவள் என் கையையும் கம்பையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன்.

"நகருங்க. ஒங்களுக்குத் திருப்பத் தெரியாது" என்று கம்பை வாங்கினாள். அந்த இடம் அவள் கைக்குப் பழக்கம். ஒரே திருப்பு. உள்ளேயிருந்து "வந்துருச்சு!" என்று சத்தம் வந்தது.

நாங்கள் உள்ளே போகவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. போனில் நான் பார்த்தது அப்படியே நடந்தது. வேலைக்கு ஆள் வேண்டாம் என்றாள் தாய். கதவைச் சாத்தினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகினார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஈரத்தலையோடு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே தொறந்துட்டாங்க பெரியம்மா. உசுரோட இருக்காங்கல்ல."

அம்மா அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டத் தொடங்கினார்.

"இதுக்கு மேல எனக்குக் கதை தெரியாது புள்ள. இனி என்ன நடக்கும்?"

"நாளைக்கு மறுபடியும் தட்டுவா" என்றாள் அவள்.