ஒரு மூடித் தண்ணீர்

நனைந்த வைக்கோலும் மூத்திரமும் கலந்த அந்த நெடி இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, ஆரஞ்சுப் பெட்டியில் கம்பிவலை அடித்து, என் முயல் பஞ்சுவுக்கு ஒரு கூடு செய்து கொடுத்தார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார்: "முயலுக்குத் தண்ணி காட்டினா செத்துப் போயிரும். கீரையில இருக்கிற ஈரமே போதும்." முயல் வளர்த்த அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இதே பேச்சுத்தான். யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டு வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தையிலிருந்து வந்த கீரையெல்லாம் வதங்கிக் கிடக்க, பஞ்சு கூட்டின் கம்பியை நக்கிக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல், அப்பா வேலைக்குப் போனபின் பால்மாவு டின்னின் மூடியில் தண்ணீர் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அது என்னைப் பார்த்தது.

மறுநாள் காலை, கூட்டில் வைக்கோலுக்கு அடியில் விரித்திருந்த பேப்பரில் சிவப்புச் சொட்டுகள்.

நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பேப்பரைச் சுருட்டி கடைகளின் முன்னால் ஓடும் "அஞ்சடி" நடைபாதையின் ஓரத்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு வாயைத் திறக்காமல் பள்ளிக்குப் போனேன். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதனிடம் போய்விடக் கூடாதென்று, கழுவிய கீரையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டேன். அதுவோ கீரையைத் தொடவில்லை. முதுகைக் கூன்போட்டுக்கொண்டு முக்கும், ஓரிரு சொட்டு விடும், மறுபடி முக்கும். பின்னங்கால் ரோமம் எப்போதும் ஈரமாகவே ஒட்டிக் கிடந்தது. இரண்டு நாளும் ஒவ்வொரு பேப்பராக நான் ஒளித்தேன்.

மூன்றாம் நாள் அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். "பாவம், நீர்க்கடுப்பு மாதிரி இருக்கே. பார்லித் தண்ணி கொடுத்தா கேக்கும்," என்றார். தண்ணீர் என்றதும் அப்பா தடுத்துவிட்டார். ஆனால் முகம் வாடிப்போய், அன்று அரை நாள் லீவு போட்டு, பிரம்புக்கூடையில் பஞ்சுவை வைத்துக்கொண்டு என்னையும் பஸ் ஏற்றினார். வழியெல்லாம் கூடைக்குள் கைவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

மிருக டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பஞ்சுவின் அடிவயிற்றை மெல்ல அழுத்தினார். அது துடித்தது. சிவப்புக் கீரை தின்றாலும் முயலின் மூத்திரம் சிவக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் முக்குவதும் நனைந்தே கிடப்பதும் தீனியை ஒதுக்குவதும் நோய், மூத்திரப்பையில் புண் என்று அப்பாவிடம் விளக்கினார். பிறகு, தண்ணீர் வைப்பதுண்டா என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டுவதற்குள் நான் அழுதுவிட்டேன்.

"நான்தான் வச்சேன். ஒரே ஒரு மூடி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, அவ்வளவு கொஞ்சமா வைச்சனி?"

அப்பா சல்ஃபா மருந்தும் சொட்டுக்குழலும் வாங்கிக்கொண்டு வீடு வந்ததும், தான் காப்பி குடிக்கும் பீங்கான் கோப்பையைக் கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றி அவரே கூட்டுக்குள் வைத்தார். பஞ்சு குடித்துக்கொண்டே இருந்தது. "தெரியாமப் போச்சேம்மா," என்றார், என்னிடமா முயலிடமா என்று தெரியவில்லை. பத்து நாளில் அது தேறியது. அந்தக் கோப்பை அதற்கே சொந்தமானது.

அந்தக் கடைவீடு இன்றில்லை, ஆரஞ்சுப் பெட்டிகள் இல்லை, அப்பாவும் இல்லை. பொங்கோலில் மகள் வீட்டு முயலுக்குக் கூட்டிலேயே தண்ணீர்ப் புட்டி தொங்குகிறது. போன வாரம் அதன் தட்டில் சிவப்பைப் பார்த்து நான் உட்கார்ந்துவிட்டேன். "கீரைதான் லா, மா," என்று இந்த ஊர் "லா" போட்டுச் சிரித்தாள் மகள். எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஆபீசுக்குப் போனபின், புட்டி நிறைந்திருக்கும்போதே, ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன், ஒளிக்காமல்.