டானி செவில் சொல்லாமல் விட்ட பெயர்

ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "பிலோமினா அன்ரி, டாட் போயிட்டார்," என்றாள் போனில் தானியேலின் மகள் ஷெரின். பிள்ளைக்கு ஆறுதல் சொன்னேன். பிறகு ஈர உடுப்புகளை அள்ளி டிரையருக்குள் போட்டேன். நான் அழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு நாள் கழித்து, "முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நைஸா ஏதாவது எழுதித் தாங்கோ அன்ரி," என்று கேட்டாள். நைஸாக எழுத நீங்கள் பலர் இருக்கிறீர்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

உங்களுக்கு அவர் இன்னிசைச் செல்வர் தானியேல். அதற்கு முன் லண்டனில் அவர் டானி செவில், ஆங்கில பொப் பாடகர். தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆட்கள். இவரோ தலைமயிரை வளர்த்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, தான் ஸ்பெயின் நாட்டு வம்சம் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார். ஒரு பாட்டு நன்றாக ஓடியது. அந்த நாட்களில் நிருபர்கள் வீட்டில் இருந்தால், சேலை உடுத்த தன் அம்மாவைப் பின்கதவால் வரச் சொல்வாராம். இதை அவரே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பாட்டுகள் ஓடவில்லை. லண்டன் கைவிட்டதும் ரொறன்ரோவுக்கு வந்தார், வந்த இடத்தில் தான் தமிழன் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது. முதல் மேடை ஸ்காபரோவில் ஒரு கல்யாண விருந்து. நான் கீபோர்ட். அம்மா குசினியில் சமைக்கும்போது முணுமுணுக்கும் மெட்டு ஒன்று தெரியும், நல்ல மெலடி, அதைப் பாடப் போகிறேன் என்றார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கேக் வெட்டக் கத்தியைப் பிடித்த நேரம், கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். கடவுளே! பெரிய வெள்ளிக்கிழமையில் சிலுவையடியில் மாதா புலம்புகிற பாட்டு. ஒரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. கிழவிகள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். "ஆரடா உவன்? செத்தவீடெண்டு நினைச்சிட்டானோ?" என்று பொம்பிளையின் தகப்பன் கத்தினார். மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்த பழக்கதோஷத்தில் என் விரல்களும் கடைசி அடிவரை வாசித்துவிட்டன. இறங்கி வந்தவர் என்னிடம் கேட்டது இதுதான்: "பாத்தனீங்களோ பிலோ, சனம் அழுதது?"

அன்றைக்கே நான் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் பொல்லாத குரல். அதில் எதைப் பாடினாலும் பொய் மாதிரிக் கேட்காது, அதைக் கேட்டு வெறுக்கவும் முடியாது. தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்குப் பதினாலு வருடம் நான் பாட்டெழுதினேன். சொற்களை ஆங்கில எழுத்தில், எங்கே மூச்சு விட வேண்டும் என்ற குறியோடு, சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிக் கொடுப்பேன். மேடையில் அந்த அட்டை அவருடைய உள்ளங்கைக்குள் இருக்கும்.

அப்படிக் கொடுத்த ஒன்றுதான் உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. 'மூடி வைச்ச தேத்தண்ணி ஆறிப்போச்சு, வாசல் மட்டும் இன்னும் மூடேல்லை.' அது என் தம்பி ஜெறாட்டுக்கு எழுதியது. மன்னாரில் ஒரு காலை சாப்பாட்டுக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. எங்கள் அம்மா அவனுடைய தேநீரை மூடி வைத்துக்கொண்டு இருந்தார். பாட்டில் மூன்று இடத்தில் 'தம்பி' என்று வரும். இவர் அந்த மூன்று இடத்திலும் 'அம்மா' என்று மாற்றிப் பாடினார். பாடுமுன், செத்துப்போன தன் தாய்க்குத் தானே எழுதிய பாட்டு என்று தழுதழுத்த குரலில் சொல்லுவார். நான் சண்டை பிடித்தபோது, "சனத்துக்கு ஒரு கதை வேணும், பிலோ. பாட்டு மட்டும் காணாது," என்றார்.

அந்தத் தாய் அப்போது லண்டனில் உயிரோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நான் செத்துப்போனன் எண்டு அவன் அங்க மேடையில சொல்லுறானாம். உண்மையோ?" நான் வாய் திறக்க முதலே மனுசி, "நல்லாப் பாடுறானோ?" என்று கேட்டார். "ஓம் அன்ரி, நல்லாப் பாடுறார்," என்றேன். அதுவாவது உண்மை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் பெயரை விடுங்கள், ஒருமுறை, ஒரு மேடையில், இது ஜெறாட்டின் பாட்டு என்று சொல்லுங்கள். என் அம்மா இங்கே என்னோடு இருக்கிறார், காது முழுக்கப் போகுமுன் அவர் அதைக் கேட்க வேண்டும். "அடுத்த ஷோவில கட்டாயம் சொல்லுறன்," என்றார். ஒவ்வொரு முறையும் அடுத்த ஷோ. கடைசியில், "இந்தமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார். அன்று வேறொருவரைக் கீபோர்டில் இருத்திவிட்டு, அம்மாவுக்கு நல்ல சேலை உடுத்தி, வீல்சேரில் முன்வரிசைக்குக் கொண்டுபோனேன். மேடையிலிருந்து அவர் எங்களைப் பார்த்துக் கையும் காட்டினார். பிறகு தன் தாயின் சாவைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. திரும்பி வரும்போது டாக்சியில் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பியின்ர பேரைச் சொன்னவரோ பிள்ளை? எனக்குத்தான் கேக்கேல்லையோ?"

"ஓம் அம்மா, சொன்னவர். கைதட்டின சத்தத்தில உங்களுக்குக் கேக்கேல்லை."

அந்தப் பனிக்காலத்திலேயே அம்மா போய்விட்டார். அவரிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது. அதைச் சொல்ல வைத்தவரை நான் மன்னித்தேன், நம்புங்கள். மனுசனுக்கு மறதி, மேடை ஏறினால் எல்லாம் மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு சமாதானத்தை வைத்துத்தான் இத்தனை நாளும் அவருடைய முகத்தைப் பார்க்க முடிந்தது.

போன கிழமை ஷெரின் அவருடைய அட்டைகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். ஜெறாட்டின் அட்டையைத் தனியே எடுத்து நீட்டினாள். என் கையெழுத்துக்கு மேலே, சிவப்புப் பேனையால், அவருடைய எழுத்தில், 'முதலில் ஜெறாட்டின் பெயரைச் சொல்லவும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே கோட்டுக்கு மேல் கோடு, அட்டை கிழியும் அளவுக்கு. ஒவ்வொரு மேடைக்கு முன்னும் ஒன்று கீறியிருப்பார் போலிருக்கிறது.

"பாருங்கோ அன்ரி, டாட் மறக்கேல்லை," என்றாள் பிள்ளை. எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

மறக்கவில்லை. முன்வரிசையில் என் அம்மா இருந்தபோதும் இந்தச் சிவப்பு எழுத்து அவருடைய உள்ளங்கைக்குள் இருந்தது. படித்துவிட்டுத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார். தானியேல், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த அட்டை ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் ஷெரினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசையில் இந்தப் பாட்டைப் பாடும்படி எங்கள் பாடகர் குழுவைக் கேட்டிருக்கிறார்கள். பாடுவோம். மூன்று இடத்திலும் 'தம்பி' என்றே பாடுவோம். அதற்கு முன் நான் மைக்கைப் பிடித்து, இது என் தம்பி ஜெறாட்டின் பாட்டு, மன்னாரில் பாண் வாங்கப் போனவன் என்று சொல்லுவேன். கைதட்ட வேண்டாம். கோயில் அமைதியாக இருக்கட்டும். அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.