யாரும் போய்ப் பார்க்காத புரதம்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நல்லவாட்டில் வலை இழுத்தேன், பாகூரில் கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன். மூலக்குளத்தில் கூரியர் கொடுக்கப் போன ஒரு வீட்டு மாடியில்தான் புரதங்களைப் பட்டியலிடும் வேலை கிடைத்தது.

அங்கே வாடகைக்கு இருந்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி, வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான், ஆனால் கண்ணில் வேலை செய்யும் மரபணுக்கள் வேறு, கல்லீரலில் வேறு. டிஎன்ஏமேல் உட்கார்ந்து எந்த மரபணு எங்கே வேலை செய்யும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் எவை என்று அவள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் அவளும் கூடப் படிக்கும் ஒருவனும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக ‘உட்காரும்’, ‘உட்காராது’, ‘தெரியாது’ என்று குறிப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, ஆதாரக் கட்டுரைகளை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது என் வேலை. விஷயம் தெரியாதவன்தான் பக்கம் சாயமாட்டான் என்றாள்.

ஒரு புரதத்துக்கு இருவருமே ‘உட்காரும்’ போட்டிருந்தார்கள். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியே அதை நம்பித்தான். அதன் ஆதாரக் கட்டுரையை எடுத்தேன். அது இன்னொரு கட்டுரையின் எண்ணைக் காட்டியது. அந்தக் கட்டுரை மூன்றாவது ஒன்றைக் காட்டியது. ஊர் ஊராக விலாசம் கேட்டு அலைந்தவனுக்கு இது புதிதல்ல. எல்லாரும் கை நீட்டுவார்கள், ஒருவரும் அங்கே போயிருக்கமாட்டார்கள். ஐந்தாவதோடு எண்கள் முடிந்தன. அந்தப் பக்கத்தை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். வடிவம் வேறொரு புரதத்தைப் போல இருப்பதால் இதுவும் டிஎன்ஏவைப் பிடிக்கக்கூடும் என்று ஒரு வரி. சோதித்ததாக எங்கும் இல்லை.

இரண்டு நாள் அந்தக் கட்டுரைகளை என் பையிலேயே வைத்திருந்தேன். சொன்னால் அவள் உழைப்பு போகும், என் வேலையும் போகலாம். வேலை போவது எனக்குப் பழக்கம். மூன்றாம் நாள் ஐந்து கட்டுரைகளையும் அவள் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

“இன்னாண்ணா இது?”

“இவன் அவனக் கேளுங்கிறான், அவன் இன்னொருத்தனக் கேளுங்கிறான். கடசில எவனும் பாக்கலம்மா.”

கூடப் படிப்பவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “போச்சுடி. கூரியர்காரரு உன் தீசிஸயே ரிட்டர்ன் போட்டுட்டாரு.”

“நீயும்தானடா டிக் அடிச்ச? மூடு.”

ஐந்தையும் நின்றபடியே படித்தாள். முகம் கறுத்துவிட்டது. பிறகு ‘உட்காரும்’ என்பதை அடித்துவிட்டு ‘தெரியாது’ என்று எழுதினாள்.

“எவனும் பாக்கலன்னா நம்மளே பாத்துட வேண்டிதான்ணா.”

அந்தப் புரதத்தைத் தயாரிக்கவே இரண்டு மாதம் ஆனது. டிஎன்ஏ துண்டோடு புரதத்தைக் கலந்து, ஜெல் என்னும் கூழ்ப்பாளத்தில் மின்சாரம் கொடுத்து ஓடவிடுவார்கள். டிஎன்ஏ தனியாக இருந்தால் விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும், புரதம் பிடித்திருந்தால் மேலேயே தங்கும். முதல் இரண்டு முறையும் கீழேதான் போயிற்று. மூன்றாம் முறை ஆய்வகத்திலிருந்து ஃபோன் செய்தாள்.

“மேல நிக்குதுண்ணா!”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினாள். மங்கலாக, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், ஆனால் இருந்தது. பட்டியலை உடனே மாற்றிவிடுவாள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. இன்னும் இரண்டு முறை அதே இடத்தில் நிற்க வேண்டுமாம். அடுத்த ஜெல் வியாழக்கிழமை.