மடிப்பு மேசையின் இருமல்

"நாம பேசுறதையெல்லாம் எழுதி மேலிடத்துக்குக் கொடுக்கிறாளாம்." தள்ளுவண்டிக்காரர் சொன்னதாக உலர்த்தும் இயந்திரக்காரர் சொல்ல, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் முழுக்க அதே பேச்சு. யாரைப் பற்றி என்றால், தேய்ப்பு இயந்திரத்துக்குள் படுக்கை விரிப்புகளை நுழைப்பவளைப் பற்றி. எதையும் ஏன், எதற்கு என்று குடைவதால் கூடத்தில் அவள் பெயர் 'கேள்விப்பெட்டி'.

வதந்தியில் பாதி உண்மை, அதுதான் சுட்டது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அவள் தபால்வழியில் சமூகவியல் படிக்கிறாள். "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்ற புருஷனிடம், "எந்த வயசுல கேட்டிருந்தா சரின்னிருப்பீங்க?" என்று கேட்டவள்.

ஆய்வு முறைகளில் ஒன்று, மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்துகொண்டே அவர்களைக் கவனிப்பது. அவளுக்கு அது அல்வா சாப்பிடுவதுபோல. கூடத்தைப் பற்றியே கட்டுரை எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தாள். யாராவது பின்தங்கினால் மடிப்பு மேசை அக்கா இருமுவார். உடனே எல்லார் கையும் மெதுவாகும். புதிதாக வந்தவளும் தப்பிப்பாள். மேற்பார்வையாளரோ இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். எழுதாத இந்தச் சட்டம் கூட்டத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு என்கிறது ஒரு கோட்பாடு. வேலையின் வேகம் யார் கையில் என்பதற்கான இழுபறி என்கிறது இன்னொன்று. அவள் இரண்டாவதன் பக்கம் நின்றாள். யார் பெயரையும் எழுதவில்லை. 'மடிப்பு மேசையில் நிற்கும் மூத்த பெண்', அவ்வளவுதான்.

வதந்தி காதுக்கு வந்ததும் அக்கா நேரே வந்து நின்றார். "என்னடி எழுதின? படி, கேப்போம்."

படித்தாள். அக்கா சிரித்தார். பிறகு, "பேரு இல்லதான். ஆனா இங்க மடிப்பு மேசை எத்தனைடி இருக்கு?" என்றார்.

ஒன்றுதான்.

மதிய இடைவேளையில் பேராசிரியரை அழைத்தாள். "மேடம், அந்தக் கட்டுரை வேணாம். கூட வேலை செய்றவங்ககிட்ட கேக்காம எழுதிட்டேன். வேற எழுதித் தர்றேன்."

"என்னம்மா நீங்க, துறை இணைய இதழ்ல போடலாம்னு இருக்கோம். கட்டுரை கொடுக்கிற தேதி வேற முடிஞ்சாச்சு. இதைத் திருப்பி வாங்கினா ஒரு வருஷம் போயிடும்."

"போகட்டும் மேடம். அவங்க வேலை போறதுக்கு அது தேவலை."

"அவசரப்படாதீங்க. சாயங்காலம் கூப்பிடுறேன். நீங்க ஒரு 'சரி' சொன்னாத்தான் போடுவோம்."

சாயங்காலம் மடிப்பு மேசைமேல் அவள் கைப்பேசி அதிர்ந்தது. கூடமே அவளைப் பார்த்தது.

"உன் மேடமா? ஒரு வருஷப் படிப்புடி. எடுத்துப் பேசு," என்றார் அக்கா.

"பேசறதுக்கு என்னக்கா இருக்கு? அடிச்சு ஓயட்டும்."

வாய்தான் வீராப்பாகப் பேசியது. கண் கைப்பேசியிலேயே இருக்க, விரிப்பு கோணலாக நுழைந்து சுருண்டது. மேற்பார்வையாளர் திரும்பினார்.

மடிப்பு மேசையில் அக்கா இருமினார். தள்ளுவண்டி நின்று நிதானமாக நகர்ந்தது. உலர்த்தும் இயந்திரக்காரர் கதவைத் திறக்க மறந்தவர்போல நின்றார். அவள் விரிப்பை உருவி, விளிம்பைச் சரிபார்த்து, மறுபடி நுழைத்தாள்.

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது.