வேணாம் அக்கா

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே ஏறும் காற்றுக்குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். குமிழி அவசரப்படவில்லை. அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை நானும் எதிரே நின்றேன். பிறகு மூடியைத் திறந்து ஒரு மோப்பம். பின்பக்கத்துப் பொடி எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒரு வாசிப்பு. கடைசியில் பாட்டிலை என் பக்கம் தள்ளாமல் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"வேணாம்."

கார் துடைக்கும் துணியிலிருந்து டயருக்குப் பூசும் களிம்பு வரை விற்கும் கடை அது. நான் எடுத்திருந்தது கண்ணாடிபோல் மினுங்கச் செய்வதாக அட்டையில் சத்தியம் பண்ணியிருந்த வாக்ஸ். வீட்டு கேட்டில் உரசிவிட்டதால், என் காரின் ஒரு பக்கம் முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தேன்.

"அடிச்சு எத்தனை நாளாச்சு மேடம்?"

"அஞ்சு நாள்."

"அஞ்சு நாளா! இன்னும் தொப்புள்கொடிகூட விழல. அதுக்குள்ள மேக்கப் போடணுமா?"

சிரிக்காமல்தான் சொன்னார். "மேல காஞ்ச மாதிரி தெரியும். அடியில, பெயின்ட்ல கலந்த தின்னர் இன்னும் வெளிய வந்துக்கிட்டே இருக்கும். நீங்க வாக்ஸப் போட்டு மேல மூடிட்டா அது எங்க போகும்? உள்ளயே கெடந்து புழுங்கும். அப்புறம் பெயின்ட் மங்கும், கொப்புளம் விடும். ரெண்டு மாசம் பொறுங்க. தண்ணி, சாதுவான ஷாம்பு, மெத்துனு ஒரு துணி. பறவை எச்சம் விழுந்தா மட்டும் சோம்பல் படாம உடனே தண்ணி ஊத்தி ஊற வச்சு எடுத்துருங்க. கவர் போட்டு மூடாதீங்க. அது பாட்டுக்கு மூச்சு விடட்டும்."

கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் 'வேணாம் அக்கா'தான். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார். "இந்தம்மா வித்ததவிட விக்காம அனுப்புனதுதான் ஜாஸ்தி" என்று தலையில் கைவைத்துக்கொள்வார். ஆனால் அவர் லீவு போட்ட நாளில் வந்தவர்கள், "அக்கா இல்லையா? அப்ப நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போவதையும் முதலாளி பார்த்திருக்கிறார். ஆகவே தலையில் வைத்த கையை அவரே எடுத்துவிடுவார்.

வயது ஐம்பத்தைந்து. ஒடிசலான உருவம். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். மோதிரம், வளையல் எதுவும் கிடையாது, பெயின்டில் கீறல் விழுமாம். காரைத் தொட்டுப் பார்ப்பது புறங்கையால்தான். உள்ளங்கையில் எண்ணெய் இருக்கும் என்பார். புது ஷாம்பு எது வந்தாலும் மூடியில் இரண்டு சொட்டு விட்டு, தண்ணீர் கலந்து, லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பார். நிறம் மாறினால் அந்த ஷாம்பு புது பெயின்ட்காரர்கள் கண்ணில் படாத மேல்தட்டுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர். அந்த வேலையை ஏன் விட்டார் என்று முதல்நாள் கேட்டேன். துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னார். "விருந்தாளி வந்தா என்ன குடுப்பாங்கன்னே மறந்துபோச்சு மேடம்" என்றபடி தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு தையல் கடையின் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இரண்டாமவர் வந்தால் கட்டிலில்தான் உட்கார வேண்டும். பால்கனியில் துணி உலர்த்த இடமில்லை. பழைய கார் கதவுகளிலிருந்து வெட்டி வாங்கிய ஏழு தகரத் துண்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஏழிலும் புது பெயின்ட். ஓரத்தில் சாக்பீஸால் தேதி. ஒன்றை வெறும் தண்ணீரால், ஒன்றைப் பாத்திர சோப்பால், ஒன்றைப் பாலிஷால் என்று வாரம் தவறாமல் கழுவுகிறார். பாத்திர சோப்பு பட்டது வெளிறிக் கிடந்தது. சீக்கிரமே வாக்ஸ் பூசியதில் அம்மை வார்த்ததுபோல் புள்ளிகள்.

"இவங்க ஏழு பேரும்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை" என்றார்.

அடுப்பில் சின்னப் பாத்திரம் ஒன்று இருந்தது. "ஒரு ஆளுக்குச் சமைக்கிறதுதான் மேடம் கஷ்டம். இத்தனை வருஷமாச்சு, உப்பு இன்னும் பிடிபடல."

பெயின்ட் அடித்து இருபது நாளான பிறகு ஷாம்பு வாங்கப் போயிருந்தேன். அப்போது ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், காதோரம் நரை. கையில் வேறு எங்கோ வாங்கிய பாலிஷ் டப்பா. "புதுசா பெயின்ட் அடிச்ச வண்டிக்கு இதைப் போடலாமான்னு..." என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

அக்கா டப்பாவை வாங்கினார். கவிழ்த்துப் பார்க்கவில்லை, முகரவில்லை.

"எத்தனை நாளாச்சுங்க?"

"ஒன்பது நாள்... ங்க."

"சூடு காட்டிக் காய வச்சாங்களா?"

"இல்ல. வெயில்லதான்."

"இப்ப என்ன கலர்?"

"கருநீலம்."

"முன்னாடி?"

யாரிடமும் அவர் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. வந்தவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "சாம்பல்" என்றார்.

அக்கா தலையாட்டினார். "அப்ப இது ஆகாதுங்க. பாலிஷ் தேய்ச்சு எடுக்குற சாமான். இளசுல தேய்ச்சா கோடு விழும்."

"இன்னும் பதினோரு நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போகணும். பளிச்சுனு இருக்கணும்னு பாத்தேன்."

"மொத நாள் சாயந்தரம் நெழல்ல நிறுத்தித் தண்ணி ஊத்துங்க. இந்தத் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அதுவே பளிச்சுனு இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

துணியை உறையோடு வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் ஒரு கணம் நின்றார். செருப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

"என் கூடப் பிறந்தவன்" என்றார் அக்கா. "தம்பி. பதினேழு வருஷம் கழிச்சு 'ங்க' போட்டுப் பேசுறோம். அவன் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு."

கேட்காமலே மீதியும் வந்தது. நினைவு தப்பிய அப்பாவை அக்காதான் வைத்திருந்தார். ஒருநாள் அவர் பள்ளிக்கூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா குளியலறையில் விழுந்தார். நாலு மணிக்கு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி, கூடியிருந்த உறவுக்கு நடுவில், "இவ பாத்துக்கிட்ட லட்சணம் இதுதான்" என்றாராம்.

"ஒரே ஒரு வார்த்தைதான் மேடம். அதுக்கப்புறம் எனக்கு அந்த லேபுக்குள்ள கால் வைக்க முடியல. அவன் வீட்டுக்குள்ளயும்." பிறகு துணி உறைகளை அடுக்கிக்கொண்டே, "அப்பா வண்டிக்கு நீலம் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

கல்யாண நாள் காலையில் நான் கடைக்குப் போனது தற்செயல் என்று சொன்னால் பொய். எட்டரை மணிக்குக் கடையைத் திறந்து, வழக்கத்தைவிட நேர்த்தியாக எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தார். அழைப்பு வந்ததா என்று நான் கேட்கவும் இல்லை, வரவில்லை என்று அவர் சொல்லவும் இல்லை. தொலைபேசி அடித்தது. பதறிய குரல் எனக்கே கேட்டது.

"அக்கா... நான்தான். கடை நம்பர் துணி உறையில இருந்துச்சு. பொண்ணோட சிநேகிதிங்க வண்டியில ரிப்பனும் காகிதப்பூவும் டேப்பு போட்டு ஒட்டிட்டாங்க. பாக்க நல்லால்லன்னு ஒண்ணப் பிடிச்சு இழுத்தேன். பெயின்ட்டோட வந்துருச்சு. பத்து மணிக்குக் கிளம்பணும்க்கா."

"மத்தத இழுக்காத. வெயில்லேருந்து தள்ளி நிறுத்து. யாராவது மண்ணெண்ணெய், தின்னர்னு எடுத்துட்டு வந்தா கையத் தட்டிவிடு. கேக்குதா? நான் வர்றேன்."

பிளாஸ்கில் வெந்நீர், நாலு துணி, ஒரு பாட்டில் ஷாம்பு. என் காரில்தான் போனோம். வழி நெடுக ஒரே ஒரு தடவை பேசினார்: "மேடம், கொஞ்சம் வேகமா."

தம்பி வீட்டு வாசலில், மரநிழலில் கருநீலக் கார். பானெட்டின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு நீலம் உரிந்து, அடியில் சாம்பல் தெரிந்தது. அக்கா அந்த இடத்தைப் புறங்கையால் தொட்டுவிட்டு, குனிந்து வேலையை ஆரம்பித்தார். டேப்பின்மேல் வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போட்டுக் காத்திருப்பது. ஓரத்தை எழுப்பி, மேலே தூக்காமல், தன்மேலேயே மடித்து மடித்துப் படுக்கையாக உரிப்பது. ஒரு டேப்புக்கு மூன்று நிமிடம். மொத்தம் பதினான்கு. தம்பி பட்டு வேட்டிக்குப் பதில் வீட்டு உடையிலேயே, வெந்நீர்க் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்கா நகர நகர நகர்ந்தார்.

ஆறாவது டேப்பில் தம்பி சொன்னார்: "அப்பா மட்டும் இதைப் பாத்திருந்தா, கல்யாணத்தையே நிறுத்திருப்பாரு."

அக்கா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உடனே குனிந்துகொண்டார். தம்பி குவளையை வைத்துவிட்டு, "அக்கா, நான் அன்னிக்கு அப்படி..." என்றார்.

"தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டா."

அவர் போய்க் கொண்டுவந்தார். பதினான்கும் வந்துவிட்டன, வேறெங்கும் பெயின்ட் உரியவில்லை. உரிந்த இடத்தைக் காட்டி, "இதுல இப்ப எதையும் பூசாத. ரெண்டு மாசம் போகட்டும், டச்சப் பண்ணிக்கலாம்" என்றார். தம்பி உடை மாற்ற ஓடினார்.

பத்து அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் மணப்பெண் வெளியே வந்தாள். ஈர உடையோடு துணி பிழிந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, "யாருப்பா இவங்க?" என்றாள். பட்டு வேட்டியோடு பின்னால் வந்த தம்பி மேல்துண்டைச் சரிசெய்தார். அதற்குள் அக்காவே சொல்லிவிட்டார்:

"கார் கடையிலேருந்து வந்திருக்கேம்மா. வண்டி சரியாயிடுச்சு. நல்லா இரு."

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று அவள் பின்னிருக்கையில் ஏறினாள். அம்மாவும் சிநேகிதியும் இருபுறமும் ஏறினார்கள். தம்பி ஓட்டுநர் கதவைத் திறந்தவர், உட்காராமல் காரைச் சுற்றி வந்து, முன்பக்கத்து இன்னொரு கதவை அகலத் திறந்தார்.

"அக்கா. ஏறு."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். பின்னிருக்கையில் மணப்பெண் சட்டென்று நிமிர்ந்து, "அத்தையா?" என்றாள்.

அக்கா தன் நனைந்த உடையைப் பார்த்தார். காலி இருக்கையைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து, சத்தம் வராமல் கதவைத் தானே சாத்தினார்.

"கிளம்பு. நேரமாச்சு."

தம்பி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய் உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. பின்கண்ணாடியில் ஒரு கை அசைவது தெரிந்தது. அக்கா இரண்டு கையிலும் ஈரத்துணியை இறுக்கியபடி அசையாமல் நின்றார். கார் தெருமுனையில் திரும்பி, அதன் சத்தமும் அடங்கிய பிறகுதான், துணிகளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வெறும் தெருவைப் பார்த்து வலக்கையை மெல்ல உயர்த்தி ஆட்டினார்.