கம்பி இல்லாத ஜன்னல்

வெளியே பனி கொட்டும்போது இந்த ஊர்க்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். காசு கொடுத்துச் சூடாக்கிய அறை. காலையும் மாலையும் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து அந்தச் சூட்டைத் தெருவுக்கு அனுப்புவார்கள். அதற்கு 'லூஃப்டன்' என்று பெயர். செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டுக்காரம்மாள் படியேறி வந்து செய்து காட்டினாள். போர்வைக்குள் நடுங்கியபடி நின்ற நான், எங்கள் ஊரில் ஜன்னலுக்கெல்லாம் கம்பி இருக்கும் என்று பேச்சுக்குச் சொன்னேன். "அவ்வளவு திருட்டா?" என்று அவள் முகம் வாடியது. "திருட்டு இல்லை, குரங்கு" என்றேன். நான் வேடிக்கை செய்வதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். என்னைப் போலப் பிழைக்க வந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு பழக்கமாகியிருக்கும்.

போன வருஷம் எங்கள் கட்டடத்துக்குப் புது ஜன்னல் போட்டார்கள். மூன்றடுக்குக் கண்ணாடி. அந்தச் செலவைக் காட்டி வாடகையை ஏற்றினார்கள். அதில் எனக்குத் தெரிவதோ எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள்தான். அதே வாரம் திருவண்ணாமலையிலிருந்து அம்மா போன் செய்தாள். எங்கள் வீடு செங்கம் ரோட்டுப் பக்கம். கீழே அம்மா தனியாக இருக்கிறாள். மாடி அறையில் ஹெல்கா வாடகைக்கு இருக்கிறாள். ஜெர்மன்காரி. நான் சம்பளம் தேடி வந்த நாட்டை விட்டு நிம்மதி தேடி எங்கள் ஊருக்குப் போனவள்.

"மாடி ஜன்னல எடுத்துட்டு பெருசா கண்ணாடி போடணும்னு அந்தம்மா கேக்குதுடி. கம்பி வேணாமாம், மலைய மறைக்குதாம். வேங்கிக்கால்ல இருந்து ஆள் வந்து அளவெடுத்துட்டான். செவுரு இடிக்கறது, கூலி எல்லாம் சேத்து நாப்பதாயிரம் ஆவுமாம். பாதி அதுவே தருதாம்."

"ஒரே ஜன்னலுக்கா?"

"ஜாஸ்திதான். ஆனா பாவம், மலையப் பாக்கத்தானே அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட நாட்களில் அது என் அறை. கம்பிகளுக்கு நடுவே மலையைத் துண்டு துண்டாகத்தான் பார்த்து வளர்ந்தேன். ஜன்னலைப் பெரிதாக்கலாமா என்று கேட்டபோதெல்லாம் "கொரங்கு பூந்துடும், சும்மா இரு" என்று வாயை அடைத்தவள் இதே அம்மாதான். அன்றைக்குச் செலவும் கம்மியாகத்தான் ஆகியிருக்கும். பெற்ற மகளுக்குக் கிடைக்காதது வாடகைக்கு வந்தவளுக்கு ஒரே பேச்சில் கிடைத்துவிட்டது. பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதை மூடி மறைக்க விருப்பமில்லை. வீடு என் பெயரில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா ஜுரத்தில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் ஹெல்கா. ஊரார் நோயைப் பார்க்கிற நான் அதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியை அனுப்பிவைத்தேன்.

ஜனவரியில் லீவு கிடைத்து ஊருக்குப் போனபோது, என் அறைக் கதவை நானே தட்டிவிட்டுக் காத்து நின்றேன். நான் ஜெர்மனில் வணக்கம் சொல்ல, ஹெல்கா தமிழில் "வாங்க, உக்காருங்க" என்றாள். ஜன்னலில் மொத்த மலையும், குறுக்கே ஒரு கோடு இல்லாமல் நின்றது. அழகாக வேறு இருந்தது, அதில் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது. ஜெர்மனியில் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அங்க ரொம்பக் குளிரு. பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' அப்படியே அம்மாவின் குரல்.

"கம்பி இல்லையே, குரங்கு வரலையா?" என்று கேட்டேன். ஒரு குரங்காவது வந்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"அம்மா சொன்னாங்க. நான் மூடிடுவேன்" என்றாள்.

மறுநாள் அவள் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினாள். ரெண்டு நாள் நீங்கள் மேலே படுத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்தாள். என் அறையில் அவள் தயவில் தூங்கினேன். விடிந்ததும் எழுந்து, ஜன்னலை அகலத் திறந்துவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்கினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. திரும்பி வந்தால் ஹெல்காவின் கட்டிலில் பெரிய குரங்கு ஒன்று வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. என் கத்தலைக் கேட்டு அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்து விரட்டினாள்.

"அந்தம்மாவுக்கு ஒரு தரம்தான் சொன்னேன், ஒரு நாளும் தொறந்து போட்டுட்டுப் போனதில்ல. நீ இங்கயே பொறந்து வளந்தவதானே?"

அம்மா பஞ்சைக் கூட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கோபம் இறங்கி, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "விடு. வெளிநாட்டுல இருந்து வந்த பொண்ணு, அதுக்குப் பழக்கமில்லன்னு அந்தம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

நான் ஜன்னலை இழுத்து மூடினேன். வெளியே சன்ஷேடில் அந்தக் குரங்கு மீதிப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் மலை முழுசாக இருந்தது. குரங்கு மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதன்மேலும் பொறாமையாக இருந்தது.